போர்நிறுத்தத்தை உடைத்த ஒரு அம்பு... 'பேண்டர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் வீரர் யார்?

ஆங்கில செய்தி விவாதங்களில் அடிக்கடி காதில் விழும் வார்த்தை 'பேண்டரிங்'. ஒரு தரப்பு கேட்பது சரியில்லைன்னு தெரிஞ்சும், ஆதாயத்துக்காக அவங்க ஆசைக்குத் தாளம் போடுவதைக் குறிக்கும். பெரும்பாலும் அரசியல்வாதிகள் மேல்தான் இது வீசப்படும்.

ஆனால் இது ஒரு ஆளின் பெயரில் இருந்து வந்தது என்பது பலருக்கும் தெரியாது. அவர் பெயர் பேண்டரஸ். கிரேக்க புராணத்தில் டிராய் நகருக்காகச் சண்டை போட்ட வில்லாளி. அவர் செய்த தப்பு ஒன்று, பெயர் கெட்டது வேறொன்றுக்காக!

யார் இந்த பேண்டரஸ்?

ஹோமரின் 'இலியட்' காவியத்தில் இவர் வருவது கொஞ்ச நேரம்தான். இன்றைய துருக்கியின் வடமேற்கில் இருந்த ஸெலியா என்ற ஊரின் படைக்குத் தலைவர். அப்பா பெயர் லைகோன். வில்வித்தைக் கடவுளான அப்போலோவே இவருக்கு வில்லைக் கொடுத்ததாக ஓரிடத்தில் வரும். இன்னொரு இடத்தில், இவரே வேட்டையாடிய காட்டு ஆட்டின் கொம்பில் செய்த வில் என்று வரும். கொம்பின் நீளம் 16 உள்ளங்கை அகலம்.

அந்த ஒரு அம்பு

போரை முடிக்க ஒரு வழி பேசுகிறார்கள். ஹெலனின் கணவர் மெனலாஸும், அவளைக் கூட்டிவந்த டிராய் இளவரசர் பாரிஸும் தனியாக மோதட்டும். ஜெயிப்பவருக்கு ஹெலன், மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம். ஆட்டுக்குட்டிகளைப் பலியிட்டு இரு தரப்பும் சத்தியம் செய்கிறது. வீரர்கள் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். பாரிஸ் தோற்கும் நேரத்தில் அஃப்ரோடைட்டி தேவி அவரைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்.

டிராய் அழியணும் என்பதில் குறியாக இருந்த ஹீரா தேவியின் பிடிவாதத்தால், ஸீயஸ் கடவுள் ஏதீனாவை அனுப்புகிறார். வேலை என்ன தெரியுமா? டிராய் தரப்பே முதலில் சத்தியத்தை மீறும்படி செய்யணும்.

ஏதீனா ஒரு டிராய் வீரர் உருவத்தில் வந்து, "மெனலாஸ் மேல் அம்பு விடு, பாரிஸ் உனக்குப் பரிசு தருவார்" என்று பேண்டரஸ் காதில் போடுகிறார். இவரும் யோசிக்காமல் நாணை இழுத்துவிடுகிறார். அம்பு மெனலாஸின் இடுப்புக் கச்சையில் பாய்ந்து தோலைக் கீறுகிறது. உயிர் போகாதபடி அதைத் திருப்பிவிட்டதும் அதே ஏதீனாதான்! ரத்தத்தைப் பார்த்ததும் கிரேக்கப் படை எழுகிறது. அன்றைக்கே வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய பலர் அங்கேயே செத்து விழுகிறார்கள்.

நாக்கை அறுத்த ஈட்டி

அடுத்து டயோமெடிஸ் தோளிலும் இவர் அம்பு பாய்கிறது. அவரும் சாகவில்லை. நொந்துபோன பேண்டரஸ், ஏனியஸிடம் புலம்பும் இடம் இந்தப் பாத்திரத்தின் சிறந்த பகுதி. வீட்டில் 11 புதுத் தேர்கள் நிற்கின்றனவாம். அப்பா எடுத்துட்டுப் போகச் சொல்லியும், முற்றுகையில் குதிரைகளுக்குத் தீவனம் கிடைக்காதோ என்று விட்டுவிட்டு வந்தாராம். ஊர் திரும்பினால் முதல் வேலையாக இந்த வில்லை உடைத்து நெருப்பில் போடுவேன் என்கிறார்.

திரும்பவில்லை. டயோமெடிஸ் எறிந்த ஈட்டி முகத்தில் பாய்ந்து நாக்கை அடியோடு அறுத்துவிடுகிறது. சத்தியத்தை மீறியவருக்கு நாக்கில் தண்டனை என்று இதை வாசிப்பவர்கள் உண்டு. ஆனால் தூண்டிவிட்டது கடவுள்தானே, தண்டனை மட்டும் இவருக்கா? இந்தக் கதை தத்துவஞானி பிளேட்டோவையும் உறுத்தியிருக்கிறது. ஸீயஸும் ஏதீனாவும் சத்தியத்தை மீறச் செய்தார்கள் என்று சொல்வதை ஏற்க முடியாது என 'குடியரசு' நூலில் சாக்ரடீஸ் வாயிலாக எழுதினார். லிசியாவின் பினாரா நகரில் பேண்டரஸ் என்பவருக்கு மரியாதை செய்யப்பட்டதாக புவியியலாளர் ஸ்ட்ராபோ குறிப்பிடுகிறார். 

காதல் தூதர் ஆனது எப்படி?

12-ம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கவிஞர் பெனுவா, டிராய் இளவரசர் டிராய்லஸுக்கு ஒரு காதல் கதையை உருவாக்கினார். ஹோமரில் அப்படி ஒன்று கிடையாது. 14-ம் நூற்றாண்டில் இத்தாலியின் பொக்காச்சியோ அதை எடுத்து, காதலர்களைச் சேர்த்துவைக்க ஒரு நண்பர் வேணுமே என்று பேண்டரஸ் பெயரை அவருக்கு வைத்தார். அங்கே இவர் நாயகியின் உறவுக்காரர், இளைஞர். 1380-களில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதியபோது அவளுக்கு 'அங்கிள்' ஆகிவிட்டார். நம்ம ஊரில் 'மாமா வேலை' என்கிறோமே, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனா என்ன ஒரு ஒற்றுமை!

சாசரின் பேண்டரஸ் கெட்டவர் இல்லை. பேச்சுக்காரர், கிண்டல்காரர், நண்பனுக்காக ஓடி ஓடி வேலை பார்ப்பவர். சுமார் 1602-ல் ஷேக்ஸ்பியர் எழுதிய நாடகத்தில்தான் ரொம்பவே மட்டமாகிறார். இனி எல்லாத் தரகர்களுக்கும் என் பெயரையே வையுங்கள் என்று அவரே சொல்லும் காட்சி உண்டு. அதற்குள் அந்தச் சொல் ஏற்கெனவே ஆங்கிலத்தில் புழங்கிக்கொண்டிருந்ததால், பார்வையாளர்களுக்கு அது சிரிப்பு வெடி.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒருவரைப் பாலியல் தொழிலில் தள்ளும் குற்றத்துக்கு இன்றும் சட்டப் பெயர் 'பேண்டரிங்'. அரசியல் அர்த்தம் அதன் நீட்சிதான். பாரிஸின் பரிசுக்காக நாணை இழுத்தவருக்கு இந்த அர்த்தம் கொஞ்சம் பொருந்தவும் செய்கிறது. ஆனால் சொல் பிறந்தது அங்கே இல்லை. வியாழன் கோளின் பாதையில் அதைப் பின்தொடரும் விண்கல் கூட்டத்திலும் இவர் பெயரில் ஒன்று இருக்கிறது, எண் 2674.

இணையத்தில் தேடுபவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். வர்ஜிலின் 'ஏனியட்' காவியத்தில், கோட்டை வாசலைத் திறந்துவிட்டு டர்னஸ் கையால் சாகும் பேண்டரஸ் வேறு ஆள்.