சீவிய முனையும் பென்சில் முனையும்

1891இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஹைன்ரிஷ் குயிங்கே என்ற மருத்துவர், மூளையில் நீர் கோத்துத் தவித்த குழந்தைகளின் கீழ்முதுகில் ஒரு மெல்லிய ஊசியைச் செலுத்தி நீரை வடித்தார். ஊசியின் முனை, நாணல் பேனாவைச் சீவியதுபோல் சாய்வாக இருக்கும். போகிற வழியில் சதை அடைத்துக்கொள்ளாமலிருக்க உள்ளே ஒரு கம்பி. அந்த முனை இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது.

1898இல் அதே ஊரில் ஆகஸ்ட் பியர், முதுகில் கொக்கைன் செலுத்தி உடம்பை மரக்கச் செய்யும் முறையைத் தன்மேலேயே சோதிக்கத் துணிந்தார். உதவியாளர் குத்திய ஊசியில் மருந்துக் குழல் பொருந்தவில்லை. தண்டுவட நீர் நிறைய வழிந்துவிட்டது. பிறகு எழுந்து நின்றால் தலைவலி, படுத்தால் நிம்மதி. ஒன்பது நாள் படுத்த படுக்கை. நீர் கசிந்ததுதான் காரணம் என்று அவரே ஊகித்தார்.

ஊகம் சரிதான். மூளை அந்த நீரில் மிதக்கிறது. டூரா என்ற உறையில் விழுந்த ஓட்டை அடைபடாமல் கசிந்துகொண்டிருந்தால், நிமிர்ந்ததும் மூளை சற்றுக் கீழிறங்கி, சுற்றியுள்ள உறைகளும் நாளங்களும் இழுபடுகின்றன. ஊசியை மெல்லியதாக்கினால் ஓட்டை சிறுக்கும். ஆனால் பரிசோதனைக்கு நீர் சொட்டுச் சொட்டாக வருவதற்குள் நேரம் ஓடிவிடும். ஆகவே முனையின் வடிவத்தையே மாற்ற வேண்டியிருந்தது.

1951இல் அமெரிக்காவில் ஹார்ட்டும் விட்டேக்கரும் பென்சில் முனை ஊசியைக் கொண்டுவந்தார்கள். முனை மூடியிருக்கும், துளை பக்கவாட்டில். தோலைத் தானாகக் கிழிக்காது என்பதால் முதலில் ஒரு குட்டையான வழிகாட்டி ஊசி குத்தப்படும். 1987இல் ஜெர்மானியர் ஸ்ப்ரோட்டே அந்தப் பக்கத்துளையை நீளமாக்கினார். இந்த முனை டூராவின் நார்களை வெட்டாமல் விலக்கிக்கொண்டு போகிறது என்றே வெகுகாலம் சொன்னார்கள். மின்னணு நுண்ணோக்கியிலோ ஓட்டையின் ஓரம் பிய்ந்து கிழிந்து தெரிந்தது. அந்தக் கிழிசலில் உண்டாகும் வீக்கமே கசிவை அடைக்கிறது என்பது இப்போதைய கருத்து. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

2018இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, 110 சோதனைகளில் 31,000க்கும் மேற்பட்டவர்களின் கணக்கைக் கூட்டிப் பார்த்தது. வழக்கமான ஊசியில் தலைவலி 11 சதவீதம். பென்சில் முனை வகையில் 4.2. முதல் குத்திலேயே காரியம் முடிவதில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. கசிவு நிற்காதவர்களுக்கு அவர்களுடைய ரத்தத்தையே எடுத்து டூராவுக்கு வெளியே செலுத்தி அடைக்கும் சிகிச்சைக்கும் தேவை குறைந்தது.

மயக்க மருத்துவர்கள் இதை எப்போதோ ஏற்றுக்கொண்டார்கள். பிரசவ அறுவைக்கு முதுகில் போடுவது பெரும்பாலும் பென்சில் முனைதான். மூளைக்காய்ச்சலா என்று பார்க்க நீர் எடுக்கும் வார்டுகளில், இன்றும் பல இடங்களில், தட்டில் காத்திருப்பது குயிங்கேயின் சீவிய முனை.