பெண் சிசுக்களுக்குக் கத்னா: நாற்பது நாள் வீட்டுக்குள் செல்ல வேண்டிய அறிவூட்டல்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வீதியால் தெற்கு நோக்கிச் செல்பவருக்குக் காத்தான்குடி எங்கே முடிகின்றது, ஆரையம்பதி எங்கே ஆரம்பமாகின்றது என்பதைப் பெயர்ப் பலகைகளை வைத்தே நிச்சயிக்க வேண்டியிருக்கும். ஒருபுறம் வாவி, மறுபுறம் கடல். தாய்வழிக் குடிமுறையும், மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அங்கே அழைத்துக் கொள்ளும் வழக்கமும் இரு ஊர்களுக்கும் பொதுவானவை. ஆரையம்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட மண்முனைப்பற்றுப் பிரதேச செயலகப் பிரிவுக்குள்ளேயே காங்கேயனோடை, பாலமுனை போன்ற முஸ்லிம் கிராமங்களும் அடங்குகின்றன. இத்தனை அயலில் இருந்தும், இலங்கை முஸ்லிம் சமூகத்தில் நிலவிவரும் பெண் சிசுக்களுக்கான கத்னா குறித்துத் தமிழ் வாசகர்களில் பலர் கேள்விப்பட்டே இருக்கமாட்டார்கள். முஸ்லிம் ஆண்களிற் பலருக்கும் தமது வீட்டில் நடந்தது தெரியாது.

குழந்தை பிறந்து ஏறக்குறைய நாற்பது நாட்களுக்குள், வீட்டின் உள்ளறையில், மூத்த பெண்களின் முன்னிலையில் இது நடைபெறுகின்றது. ஒஸ்தா மாமி என அழைக்கப்படும் பெண் ஒருவர் சிசுவின் பிறப்புறுப்பின் மேற்தோலைப் பிளேட்டினால் கீறுகின்றார் அல்லது சிறிதளவு வெட்டுகின்றார். சோனகர், மலாயர், தாவூதி போரா ஆகிய பிரிவினரிடையே இவ்வழக்கம் உள்ளது. போராக்களிடையே மாத்திரம் சிறுமி ஏழு வயதை அண்மிக்கும் போது செய்யப்படுகின்றது. எத்தனை குழந்தைகளுக்கு இது செய்யப்படுகின்றது என்பதற்கு நாடளாவிய கணக்கு எதுவும் எடுக்கப்படவில்லை. உலக அளவில் இத்தகைய செயலுக்கு உள்ளானோர் 23 கோடிக்கும் அதிகம் என யுனிசெப் 2024இல் மதிப்பிட்டது. அவர்களில் 8 கோடிப் பேர் ஆசியாவைச் சேர்ந்தவர்கள்.

இதனை எழுதுகையில் எமக்குத் தயக்கம் இல்லாமலில்லை. 2019 ஏப்ரல் தாக்குதல்களின் பின்னர் முஸ்லிம்களின் உடையும் உணவும் எவ்வாறு வசைக்குரிய பொருளாக்கப்பட்டன என்பதை நாடறியும். இந்த விடயமும் அவ்வாறானதோர் ஆயுதமாகிவிடக்கூடாது. ஆயினும் இதனை முதலில் வெளியே கொணர்ந்தவர்கள் பிற சமூகத்தவர் அல்லர், முஸ்லிம் பெண்களே என்பதை மறக்கலாகாது. 2017இல் பெண்கள் விவகாரங்களுக்கான பாராளுமன்ற மேற்பார்வைக் குழுவின் முன் சாட்சியமளித்தவர்களும் அவர்கள்தாம்.

“சிறு கீறல்தானே, ஆபிரிக்காவில் நடப்பது போன்றதல்லவே” என்பது பொதுவாகக் கேட்கும் பதில். ஆபிரிக்காவின் சில பகுதிகளில் நடைபெறும் கொடூரத்துடன் இதனைச் சமப்படுத்த முடியாது என்பது உண்மையே. ஆனால் உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்துள்ள நான்கு வகைகளுள் குத்துதல், கீறுதல், சுரண்டுதல் ஆகியனவும் அடங்குகின்றன. நாற்பது நாட் சிசுவில் அந்தப் பகுதி சில மில்லிமீற்றர் அளவினதே. மங்கிய வெளிச்சத்தில், அழுது துள்ளும் குழந்தையில், தோல் எங்கே முடிகின்றது என்பதைக் கைப்பழக்கத்தினால் மட்டும் சொல்லிவிட முடியாது. இரத்தப்போக்கு, கிருமித்தொற்று, தழும்பு, பிற்காலத்தில் தாம்பத்தியத்தில் வலி என்பன வைத்தியர்கள் சுட்டிக்காட்டும் விளைவுகள். உடலுக்கு நன்மை ஒன்றேனும் உண்டென எந்த மருத்துவ நூலும் கூறவில்லை.

மார்க்கம் என்ன சொல்கின்றது என்பதே பலருக்குத் தீர்க்கமான கேள்வி. அல்குர்ஆனில் இதுபற்றிய கட்டளை இல்லை. ஆதாரமாகக் காட்டப்படும் உம்மு அதிய்யா அவர்களின் ஹதீஸைத் தமது தொகுப்பில் சேர்த்த இமாம் அபூதாவூத் அவர்களே அது பலவீனமானது எனக் குறிப்பிட்டுள்ளார். ஷாபி மத்ஹபின் நூல்கள் இதனைக் கடமை என்கின்றன, ஹனபி, மாலிகி மத்ஹபுகள் அவ்வாறு கொள்ளவில்லை. இலங்கை முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் ஷாபி வழியினர் என்பதால் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும் கடமை என்றே பத்வா வழங்கியது. ஆனால் எகிப்தின் தலைமை முப்தியாக இருந்த அலி ஜும்ஆ அவர்களும் ஷாபி அறிஞரே. 2007இல், சிகிச்சை நிலையம் ஒன்றில் இதனைச் செய்தபோது சிறுமியொருத்தி உயிரிழந்ததை அடுத்து, இது தடுக்கப்பட்ட செயல் என அவர் அறிவித்தார்.

இலங்கையில் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்படவில்லை. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்ட, சிறுவர்களுக்கு எதிரான கொடுமை பற்றிய 308அ பிரிவைப் பிரயோகிக்கலாம் என்பர். 2018 மே மாதத்தில் சுகாதார அமைச்சு, வைத்தியத் துறையினர் இதில் ஈடுபடலாகாது எனச் சுற்றறிக்கை விடுத்தது. அதே ஆண்டிலேயே முஸ்லிம் அமைப்புகள் சில அதனை மீளப்பெறுமாறு கோரின. வைத்தியர் செய்தால் ஆபத்தில்லை என்பது அவற்றின் வாதம். எகிப்து 1994இல் வைத்தியசாலைகளில் இதனை அனுமதித்துப் பார்த்து, விரைவிலேயே அந்த அனுமதியை விலக்கிக்கொண்டது. அதற்குப் பின்னரும் அங்கு வைத்தியர்களின் கைகளிலேயே சிறுமிகள் மாண்டனர். ஷாபி மத்ஹபையே பின்பற்றும் இந்தோனேசியா அனுமதித்தும் மறுத்தும் தடுமாறி, 2024இல் இவ்வழக்கத்தை அரசாங்க ஒழுங்குவிதியின் மூலம் ஒழிப்பதாக அறிவித்தது.

சுற்றறிக்கை வைத்தியரைத் தடுக்கும், ஒஸ்தா மாமியின் கைப்பையை எட்டாது. தண்டனையை மாத்திரம் நம்பினால் கதவு இன்னும் இறுக்கமாகச் சாத்தப்படும் என்பதே எமது அச்சம்.

செனகல் நாட்டின் அனுபவம் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. முஸ்லிம்கள் மிகப் பெரும்பான்மையாக வாழும் அந்நாட்டில் மாலிகுண்டா பம்பரா என்னும் கிராமத்துப் பெண்கள், தாய்மொழியிலான முறைசாராக் கல்வி வகுப்பில் உடல்நலம் பற்றிக் கற்றபின், 1997இல் தாமாகவே இதனைக் கைவிட்டனர். உடனே எதிர்ப்பு எழுந்தது. அப்போது டெம்பா ஜவாரா என்ற முதிய இமாம் ஒருவர் முக்கியமான உண்மையொன்றை எடுத்துக்காட்டினார். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் கிராமங்கள் அனைத்தும் சேர்ந்து விட்டாலன்றி ஒரு கிராமம் தனியே விட முடியாது, விட்டால் அதன் பெண்களை மணக்க ஆளிராது என்றார். அவரே ஊர் ஊராக நடந்து உறவினரிடம் பேசினார். 1998 பெப்ரவரியில் 13 கிராமங்கள் ஒன்றாகப் பிரகடனம் செய்தன. சட்டம் அதற்கடுத்த ஆண்டிலேயே வந்தது. வழக்கம் அங்கு முற்றாக மறைந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எமது கரையில் திருமணத்திற்காக எவரும் இதனை விசாரிப்பதில்லை, அவ்வகையில் தடை இலகுவானது. இங்குள்ள அச்சம் மாமியாரும் உம்மம்மாவும் என்ன சொல்வார்கள் என்பதே. எனவே பேச வேண்டியது அவர்களிடம். பள்ளிவாசல் குத்பாவை அவர்கள் கேட்பது அரிது, பெண்களுக்கான மத்ரஸாக்களிலும் பயான்களிலும் ஆலிமாக்கள் சொன்னால் கேட்பார்கள். ஒஸ்தா மாமிமாரையும் குற்றவாளிகளாக்கிப் பயனில்லை. அவர்களிற் பெரும்பாலோர் வறியவர்கள், கைக்குக் கிடைக்கும் சிறு தொகையையும் சேலையையும் நம்பியிருப்பவர்கள்.

ஆரையம்பதியில் பிறந்தாலும் காங்கேயனோடையில் பிறந்தாலும், குழந்தையைப் பார்க்கக் குடும்பநல உத்தியோகத்தர் அந்த நாற்பது நாட்களுக்குள் பல தடவை வீடு வருகின்றார். எடை பார்க்கின்றார், தொப்புளைப் பார்க்கின்றார், தாய்ப்பால் பற்றிக் கேட்கின்றார். இதைப் பற்றி மாத்திரம் இரு தரப்பும் வாய் திறப்பதில்லை. அவருக்குரிய பயிற்சியில் இவ்விடயத்தைச் சேர்ப்பதும், முதல் வருகையின்போதே தாயுடனும் உம்மம்மாவுடனும் அமர்ந்து பேசுவதற்கு ஏற்ற தமிழ்க் கையேடொன்றை அவரது கையிற் கொடுப்பதும் சுகாதார அமைச்சு புதிய சட்டத்துக்குக் காத்திராமலே செய்யக்கூடிய காரியங்கள்.