எம்.ஜி.பி. கார்: வாங்குதலும் பரிசோதனையும்

எம்.ஜி.பி., இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரிலிருந்த எம்.ஜி. தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான ஸ்போர்ட்ஸ் கார். திறந்த மேற்பகுதி கொண்ட ரோட்ஸ்டர், நிலையான கூரை கொண்ட ஜி.டி. என்று இரண்டு வடிவங்களில் வந்தது. மொத்தத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் தயாராயின. அவற்றில் பாதிக்கும் மேல் அமெரிக்காவுக்குப் போயின. பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை முதன்முறையாக வாங்க நினைப்பவர் பெரும்பாலும் இதில்தான் வந்து நிற்கிறார். எந்திரம் எளிமையானது, உதிரிபாகங்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன, விற்பனைக்கு எப்போதும் பல வண்டிகள் இருக்கின்றன. வாங்குபவர் ஏமாறும் இடம் பெரும்பாலும் எந்திரத்தில் இருப்பதில்லை, தகட்டில்தான் இருக்கிறது.

வரலாறும் வகைகளும்

முந்தைய மாடலான எம்.ஜி.ஏ.வில் தனிச் சேசிஸின் மேல் உடல் ஏற்றப்பட்டிருந்தது. தலைமைப் பொறியாளர் சிட் எனெவரும் உடல் வடிவத்தை வரைந்த டான் ஹேட்டரும் எம்.ஜி.பி.யில் சேசிஸைக் கைவிட்டு, மடித்து வெல்டிங் செய்த எஃகுத் தகடுகளே முழுப் பாரத்தையும் தாங்கும்படி அமைத்தார்கள். இதனால் உள்ளே இடம் கூடியது. ஏற்றி இறக்கும் கண்ணாடியோடு கதவுகள் வந்தன. ஆனால் சேசிஸில் துரு பிடித்தால் கண்ணில் படும். மூடிய தகட்டுப் பெட்டிக்குள் பிடிக்கும் துரு பல வருடம் வெளியே தெரியாது. எம்.ஜி.பி.யின் எல்லாச் சிக்கலும் இங்கிருந்து தொடங்குகிறது.

எந்திரம் பி.எம்.சி. நிறுவனத்தின் 'பி' வரிசையைச் சேர்ந்த 1798 சி.சி. நான்கு சிலிண்டர் எந்திரம். இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்களுடன் 95 குதிரைத்திறன் தந்தது. வண்டி மணிக்கு 160 கி.மீ.யைச் சற்றே தாண்டியது. இதே வரிசையின் 1489 சி.சி. எந்திரம்தான் நம் ஊர் அம்பாசடரில் பல பத்தாண்டுகள் ஓடியது. அம்பாசடரைப் பிரித்துப் பழகிய மெக்கானிக் எம்.ஜி.பி.யின் பானட்டைத் திறந்தால் அதிகம் திகைக்க வேண்டியிருக்காது.

தொடக்க கால எந்திரங்களில் கிராங்க் தண்டை மூன்று பேரிங்குகள் தாங்கின. 1964 அக்டோபரில் ஐந்தாயின. இத்தாலியின் பினின்ஃபரினா நிறுவனம் கூரையை வடிவமைத்த ஜி.டி. 1965இல் வந்தது. 1967 இறுதியில் வந்த இரண்டாம் மாடலில் முதல் கியருக்கும் சிங்க்ரோமெஷ் கிடைத்தது, டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் வந்தது, பேட்டரியின் நெகட்டிவ் முனை எர்த் ஆனது. அதற்கு முந்தைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த். இது தெரியாமல் புது ரேடியோவையோ சார்ஜரையோ மாட்டினால் கருகிவிடும்.

1974 செப்டம்பரில் பெரிய மாற்றம் வந்தது. அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காகக் குரோம் பம்பர்கள் போய், கறுப்பு ரப்பர் பூசிய பம்பர்கள் வந்தன. வண்டியின் உயரமும் சுமார் 38 மி.மீ. கூட்டப்பட்டது. வளைவில் வண்டி முன்னைவிட அதிகமாகச் சாய்ந்தது. அமெரிக்காவுக்குப் போனவற்றில் 1975 முதல் ஒற்றைக் கார்புரேட்டர்தான். சக்தி சுமார் 62 குதிரைத்திறனுக்கு இறங்கியது. ரசிகர்கள் இந்த வண்டிகளை நெடுங்காலம் ஒதுக்கியே வைத்தார்கள். விலையும் இன்றுவரை குறைவு. இது வாங்குபவருக்கு நல்ல செய்தி என்றே சொல்ல வேண்டும்: அழகைவிட ஓட்டம் முக்கியம் என்பவருக்குத் துருவில்லாத ரப்பர் பம்பர் வண்டி, அழுகிய குரோம் பம்பர் வண்டியைவிடப் பல மடங்கு மேல்.

உடற்கூடு

கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி வடிவத் தகட்டமைப்பைச் 'சில்' என்பார்கள். ரோட்ஸ்டரில் கூரை இல்லாததால் வண்டி நடுவில் வளையாமல் பிடித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் இதுதான். வெளித்தகடு, நடுவில் செங்குத்தான தடுப்புத் தகடு, உள்தகடு, அடியில் பட்டைபோல் ஓடும் மற்றொரு தகடு என்று இது அடுக்கடுக்காக அமைந்தது. வெளித்தகடு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். உள்ளே எல்லாம் உதிர்ந்து போயிருக்க, வெளியே புதுத் தகட்டை ஒட்டிப் பட்டி பூசிப் பளபளக்க வைப்பது மலிவான வேலை. செல்லரித்த உத்தரத்துக்கு வார்னிஷ் அடிப்பதுபோல.

முறையான பழுதுக்கு அதிக உழைப்பு வேண்டும். சில்லின் இரு முனைகளையும் முன் மட்கார்டின் அடிப்பகுதியும் பின்பக்கத் தகட்டின் அடிப்பகுதியும் மறைத்திருக்கின்றன. முன் மட்கார்டு போல்ட்டில் நிற்பது, கழற்றலாம். பின்புறம் வெல்டிங் செய்தது, அறுக்க வேண்டும். ஆகவே 'சில் மாற்றியாகிவிட்டது' என்று விற்பவர் சொன்னால், மட்கார்டைக் கழற்றினீர்களா, நடுத் தடுப்புத் தகட்டையும் மாற்றினீர்களா என்று கேட்க வேண்டும். வேலை நடந்தபோது எடுத்த புகைப்படங்கள் இருந்தால் அவைதான் சாட்சி. படமும் இல்லை, பில்லும் இல்லை என்றால் வேலை பாதிதான் நடந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு விலை பேசுவதே நியாயம்.

கதவிடைவெளி நிறையச் சொல்லும். வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்கும்போது கதவின் பின்விளிம்பை மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும். மேலே நெருங்கி, கீழே அகன்றிருந்தால் உடல் நடுவில் தொய்ந்திருக்கிறது. பிறகு சில்லில் உள்ள ஜாக்கி இடத்தில் வண்டியைத் தூக்கி, மறுபடி கதவைத் திறந்து மூட வேண்டும். இடைவெளி மாறினாலோ கதவு இடித்தாலோ கட்டமைப்பில் பலமில்லை. ஜாக்கியே உள்ளே புதைந்தால் அதற்குமேல் பார்க்க ஒன்றுமில்லை, விடைபெற்றுக்கொள்ளலாம். சில வண்டிகளில் தகடுகள் புதியவையாகவே இருக்கும், ஆனாலும் இடைவெளி கோணலாக இருக்கும். கதவுத் திறப்பில் குறுக்குச் சட்டம் வைத்து இறுக்காமல் சில்லை அறுத்து ஒட்டியதால் வளைந்தபடியே உறைந்துபோன உடல் அது. துருவைவிட இதைச் சரிசெய்வது கடினம்.

தண்ணீர் தங்கும் இடங்களெல்லாம் சந்தேகத்துக்குரியவை. முன்சக்கரத்தின் பின்னால் மட்கார்டுக்குள் சேறு தங்கி, கண்ணாடிக்கு அருகே மட்கார்டின் மேற்புறத்தில் துரு கொப்புளமாக வெளிப்படும். கொப்புளம் சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே ஓட்டை பெரிதாக இருக்கும். ஹீட்டருக்குக் காற்று போகும் பெட்டியின் வடிகுழாய் அடைத்துக்கொண்டால் மழைநீர் காருக்குள் இறங்கித் தரைத்தகட்டை அரிக்கும். விரிப்பைத் தூக்கிக் கையால் தொட்டுப் பார்ப்பது நல்லது. இருக்கைகளுக்குப் பின்னால் தரையில் பேட்டரிப் பெட்டிகள் இருக்கின்றன. 1974 வரை இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள், பிறகு ஒரே 12 வோல்ட். அமிலக் கசிவால் பெட்டியும் அதை ஒட்டிய பின்பக்க லீஃப் ஸ்பிரிங் தாங்கியும் கெடுவதுண்டு. பெட்ரோல் டாங்க் டிக்கித் தரைக்கு அடியில் ஒட்டினாற்போல் தொங்குவதால், இடுக்கில் ஈரம் தங்கி, டாங்கின் மேற்புறம் துருப்பிடிக்கும். பாதி டாங்கில் கசியாது. முழுக்க நிரப்பினால் நாற்றம் வரும். கதவில் முக்கோணக் கண்ணாடிக்குக் கீழே விரிசல் காண்பது எம்.ஜி.பி.யில் சர்வசாதாரணம், அதற்காக வண்டியை விட வேண்டியதில்லை.

கையோடு கொண்டுபோக வேண்டியவை எளிமையானவை: டார்ச், துணி சுற்றிய காந்தம், படுத்துப் பார்க்க ஒரு பாய். காந்தம் ஒட்டாத இடத்தில் தகட்டுக்குப் பதில் பட்டி இருக்கிறது. மழை நாளில் ஈரமான வண்டியைப் பார்க்கவே கூடாது; எந்தப் பெயின்ட்டும் ஈரத்தில் பளபளக்கும்.

உடல் முழுவதுமாகப் போய்விட்டாலும் வழி இல்லாமல் இல்லை. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடி எடுத்து 1988 முதல் முழு எம்.ஜி.பி. உடற்கூடுகளைப் புதிதாகத் தயாரித்து விற்கிறது. உற்பத்தி நின்றுபோன காருக்கு இப்படிக் கிடைப்பது அபூர்வம். இந்த உடலைக் கொண்டே ரோவர் நிறுவனம் 1993 முதல் 1995 வரை ஆர்.வி.8 என்ற காரைக் கட்டியது. அவற்றில் பெரும்பான்மை ஜப்பானுக்குப் போயின. ஆனால் கூடு மட்டுமே ஹெரிடேஜ் தருவது. பழைய வண்டியைக் கழற்றி, பெயின்ட் அடித்து, எல்லாவற்றையும் புதுக் கூட்டில் பூட்டி முடிக்கும்போது, அதே நிலையில் உள்ள வண்டியைக் கடையில் வாங்குவதைவிட அதிகம் செலவாகியிருக்கும். அதனால் வேறொருவர் செலவு செய்து முடித்த வண்டியைத் தேடுவதே லாபம்.

எந்திரமும் ஓட்டமும்

போவதற்கு முன்பே, எந்திரத்தை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். குளிர்ந்த எந்திரம் உண்மையை மறைக்காது. முடுக்கும்போது நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்மானம். முடுக்கி விட்டு, கால் எடுத்து, மறுபடி மிதிக்கும்போது வந்தால் வால்வு கைடு. நன்றாகச் சூடான பிறகு ஓட்டத்தில் ஆயில் பிரஷர் சதுர அங்குலத்துக்கு 50 முதல் 70 பவுண்டும், ஐடிலில் 15க்குக் குறையாமலும் இருப்பது ஆரோக்கியம். டேப்பெட் சற்றே தட்டும் சத்தம் தவறில்லை. சத்தமே இல்லாமல் இறுக்கி வைத்திருந்தால்தான் வால்வு கருகும். அடியில் கொஞ்சம் ஆயில் ஒழுகுவதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம், இந்த எந்திரத்தின் சுபாவம் அது.

பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றது. ஈயமில்லாத பெட்ரோலில் பழைய வால்வு சீட்டுகள் மெல்ல உள்வாங்கும். சிலிண்டர் ஹெட்டில் கடினமான சீட்டுகள் பொருத்தியாகிவிட்டதா என்று கேட்க வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலால் பழைய ரப்பர் குழாய்கள் இளகும். தீ விபத்துக்கு அது வழி என்பதால் குழாய் எப்போது மாற்றியது என்பது முக்கியமான கேள்வி.

கிளட்ச் மாற்ற எந்திரத்தையே வெளியே எடுக்க வேண்டும். ஆகவே கிளட்ச் நழுவினால் விலையில் கணிசமாகக் குறைக்கக் கேட்கலாம். 'ஓவர்டிரைவ்' இருக்கும் வண்டியையே தேடுவது நல்லது. நாலாவது கியரில் சுவிட்சைப் போட்டால் எந்திரச் சுற்று ஐந்தில் ஒரு பங்கு உடனே இறங்க வேண்டும்: 3000இலிருந்து சுமார் 2400க்கு. தாமதித்து இறங்கினால் ஆயில் குறைவாகவோ வயர் கோளாறாகவோ இருக்கலாம். இறங்கவே இல்லையென்றால் கியர்பாக்ஸைக் கழற்றும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் உள்ளே ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்ல வேண்டும். அப்போதும் ஆடினால் தேய்ந்தது கிங்பின். ஆட்டம் நின்றுவிட்டால் சக்கர பேரிங். கிங்பின்னுக்கு 3000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்கச் சொல்லியிருந்தார்கள். அதைப் பலர் செய்வதே இல்லை. கம்பி ஸ்போக் சக்கரங்கள் கண்ணுக்கு அழகு, பராமரிப்பு தொல்லை. ஒவ்வொரு ஸ்போக்கையும் ஸ்பேனரால் மெல்லத் தட்டினால் இறுக்கமானது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மொத்தென்று கேட்கும். அச்சில் மாட்டும் பற்கள் தேய்ந்திருந்தால் பிரேக் பிடித்து விடும்போது 'டக்' என்று சத்தம் வரும். அதே சத்தம் டிஃபரன்ஷியலுக்குள் வாஷர் தேய்ந்தாலும் வரும், ஆகவே சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மின்சாரக் கோளாறுகளுக்கு லூகாஸ் நிறுவனத்தைக் கிண்டல் செய்வது பழைய வழக்கம். ஐம்பது வருட வயரிங்கில் பெரும்பாலான கோளாறுகள் துருப்பிடித்த எர்த் முனையிலும் தளர்ந்த இணைப்புகளிலும்தான் இருக்கின்றன. இடையில் வந்தவர்கள் இழுத்து ஒட்டிய வயர்கள் அதைவிட ஆபத்து.

ஆவணங்கள்

பிரிட்டனில் 40 வயது தாண்டிய கார்களுக்குச் சாலை வரி இல்லை. பெரிய மாறுதல் எதுவும் செய்யாதிருந்தால் எம்.ஓ.டி. எனப்படும் ஆண்டுப் பரிசோதனையும் கட்டாயமில்லை. இதைச் சலுகையாக மட்டும் பார்க்கக் கூடாது: பல வருடமாக யாரும் அடியில் பார்க்காத வண்டிகள் இதனால் சந்தைக்கு வருகின்றன. பழைய பரிசோதனை முடிவுகளை அரசு இணையத்தில் பதிவெண்ணைக் கொண்டு பார்க்கலாம். 'அடித்தகட்டில் அரிப்பு' என்று எழுதியிருந்து, அடுத்த வருடமே தேறியிருந்தால், இடையில் யார் எப்படி வெல்டிங் செய்தார் என்று கேட்க நல்ல ஆதாரம்.

சேசிஸ் எண்ணும் பேசும். 'ஜி.எச்.என்.' என்று தொடங்கினால் ரோட்ஸ்டர், 'ஜி.எச்.டி.' என்றால் ஜி.டி. இவற்றை அடுத்து வரும் 3, 4, 5 என்ற எண்கள் வரிசையைக் காட்டும். 5 என்பது 1969க்குப் பிந்தையது. இடப்பக்க ஸ்டியரிங்குடன் அமெரிக்கா போய், வறண்ட கலிஃபோர்னியாவிலிருந்து திரும்பி வந்து வலப்பக்கத்துக்கு மாற்றப்பட்ட வண்டிகள் பிரிட்டனில் ஏராளம். மாற்றம் ஒழுங்காக நடந்திருந்தால் இது குறையே இல்லை. அங்கே மழையும் சாலை உப்பும் குறைவென்பதால் உடல் பெரும்பாலும் நன்றாக இருக்கும். கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து, கட்டிய தேதி, அசல் நிறம், அனுப்பிய நாடு, எந்திர எண் ஆகியவற்றுடன் சான்றிதழ் தருகிறது.

சாதாரண எம்.ஜி.பி.யில் எந்திரம் அசலா மாற்றா என்பது விலையைப் பெரிதாக அசைக்காது. எம்.ஜி.சி.யிலும் வி8இலும் நிலைமை வேறு. 1967 முதல் 1969 வரை வந்த எம்.ஜி.சி.யில் 2912 சி.சி. ஆறு சிலிண்டர் எந்திரம். அதற்கு இடம் கொடுக்கப் பானட்டில் புடைப்பு இருக்கும். 1973 முதல் 1976 வரை 3528 சி.சி. ரோவர் எந்திரத்துடன் தயாரான வி8 வண்டிகள் 2,591 மட்டுமே, அவை அத்தனையும் ஜி.டி. தொழிற்சாலை வி8 ரோட்ஸ்டர் எதையும் விற்கவில்லை. எனவே அப்படி ஒன்று விற்பனைக்கு வந்தால், யாரோ பிற்பாடு எந்திரம் மாற்றியது என்பதில் சந்தேகம் வேண்டாம். வண்டி நன்றாகவே ஓடலாம். விலை மட்டும் தொழிற்சாலை வி8 விலையாக இருக்கக் கூடாது. ஜி.டி.யிலும் இதே வேலை செய்தவர்கள் உண்டு; அசல் வண்டியின் சேசிஸ் எண் 'ஜி.டி.2.டி.1' என்று தொடங்கும்.