கருங்காலி என்று யாரைச் சொல்வது? – பெரம்பூர் முதல் பரேல் வரை ஒரு வரலாற்றுப் பார்வை

கருங்காலி என்றால் நம்ம ஊரில் முதலில் அது ஒரு மரம். வைரம் பாய்ந்த கட்டை. உலக்கைக்கும் கோடாலிக் காம்புக்கும் தேடிப் பிடித்து வாங்குவார்கள். இப்படிப்பட்ட நல்ல மரத்தின் பெயர், வேலைநிறுத்தத்தின்போது உள்ளே போய் வேலை பார்ப்பவனுக்கு வசைச்சொல்லாக எப்படி வந்தது? 'பிளாக்லெக்' என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்ததால் வந்தது என்பார்கள் சிலர். தன் இனத்தையே வெட்டும் கோடாலிக்குக் காம்பாகப் போவதால் வந்தது என்பார்கள் வேறு சிலர். இரண்டும் ஒன்றாய்க் கலந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். எப்படி வந்திருந்தாலும் தொழிற்சங்க மேடையில் இதைவிடக் கடுமையான சொல் தமிழில் கிடையாது.

அந்தச் சொல்லால் ஏசப்பட்டவர்கள் யார், ஏன் உள்ளே போனார்கள் என்று கேட்டுப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் வேலை. நம் சங்கத்து அன்பர்களில் பலருடைய தந்தையரும் பாட்டன்மாரும் ஆலைகளிலும் ரயில்வேயிலும் துறைமுகத்திலும் உழைத்தவர்கள். நான் 1981-இல் பிழைப்புக்காக இந்த நகரத்துக்கு வந்தவன். பரேல் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டே, மில் சங்கு ஊதிய காலத்தையும் அது நின்றுபோன காலத்தையும் பார்த்திருக்கிறேன். ஆனால் கதை சென்னையில் ஆரம்பமாகிறது.

பெரம்பூரில் பின்னி கம்பெனியார் நடத்திய பக்கிங்காம், கர்நாடிக் மில்களின் தொழிலாளருக்காக 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று இதைத்தான் சொல்வார்கள். மில்லுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அடித்தளம் போட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குக் கொடுத்த அரைமணி நேரம் போதாமல் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடும் தொழிலாளியைத் தினமும் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். சங்கத்துக்குத் தலைவராக வந்தவர் பி.பி. வாடியா. நம் மும்பையில் பிறந்த பார்சி! துணைத் தலைவர் திரு.வி.க. பார்சித் தலைவரும் தமிழ்ப் புலவரும் செட்டியாரும் நாயுடுவும் கூடி நடத்திய சங்கம் என்பதை நாம் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம்.

பெருமையோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய வேதனையும் ஒன்று உண்டு. 1921 மே மாதம் கர்நாடிக் மில்லில் தகராறு மூண்டது. ஜூன் 20 அன்று பக்கிங்காம் மில் தொழிலாளரும் அவர்களுக்கு ஆதரவாக வேலையை விட்டு வெளியே வந்தார்கள். சங்க ஒற்றுமை என்றால் இதுதான்; தனக்கு நேரடியாக வராத துன்பத்துக்காகத் தன் கூலியை இழப்பது. ஆனால் ஆதி திராவிடத் தொழிலாளரில் பெரும்பாலோர் இதில் சேரவில்லை, வேலைக்குப் போனார்கள். சட்டசபை உறுப்பினராக இருந்த எம்.சி. ராஜாவின் யோசனையும் அதுவாகவே இருந்தது. புளியந்தோப்பில் மோதல் வெடித்தது. ஜூன் மாதக் கடைசியில் சேரிக் குடிசைகள் எரிந்தன. அடிதடியும் தீவைப்பும் மாதக்கணக்கில் ஓய்ந்து ஓய்ந்து நடந்தன. ஆகஸ்டு 29 அன்று போலீஸ் சுட்டதில் உயிர்ப்பலி நேர்ந்தது. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்று முடிந்தது. சங்கம் எழுந்து நிற்கவே பல வருஷமாயிற்று.

இந்தக் கதையைச் சொல்லும்போது, அரசாங்கமும் கம்பெனியும் ஆதி திராவிடரைத் தூண்டிவிட்டன என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அரசாங்கமும் கம்பெனியும் அந்தப் பிளவால் ஆதாயம் அடைந்தன, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வேலைக்குப் போனவர் பக்கம் நின்றும் பார்க்க வேண்டாமா? 1918-இலிருந்து கதவடைப்பு, வேலைநிறுத்தம், மறுபடி கதவடைப்பு என்று பட்டினி தொடர்ந்து வந்திருந்தது. ஊரில் ஒரு காணி நிலமோ, கடன் கொடுக்கும் உறவுக் கடைக்காரரோ இருந்தவர் ஆறு மாதம் தாங்கலாம். அதில் ஒன்றும் இல்லாதவர் எத்தனை நாள் தாங்குவார்? அதோடு, மில்லுக்கு வெளியே வந்தால் தன்னைத் தள்ளி நிற்கச் சொல்கிறவர், சங்கக் கூட்டத்தில் மட்டும் 'தோழா' என்று கூப்பிட்டால் அந்தக் குரல் எவ்வளவு தூரம் எட்டும்? அந்த வருஷக் கலவரத்துக்குப் பிறகு, ஆதி திராவிடரை நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் குடியமர்த்த வேண்டும் என்று நீதிக்கட்சித் தலைவர்கள் பக்கத்திலிருந்தே குரல் வந்தது. 1923-இல் எம்.சி. ராஜா அந்தக் கட்சியைவிட்டு வெளியேறியதற்கு இதெல்லாம் காரணமாயிற்று.

சென்னையில் 1921-இல் கண்டதையே, ஏழு வருஷம் கழித்து, இன்னும் பெரிய அளவில் பம்பாய் கண்டது.

1928 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பம்பாயின் பஞ்சாலைகள் ஏறத்தாழ எல்லாமே மூடிக் கிடந்தன. சுமார் ஒன்றரை லட்சம் பேர் வெளியே நின்றார்கள். ஓர் ஆள் பார்த்த தறிகளைக் கூட்டி, ஆட்களைக் குறைக்கும் திட்டத்தை எதிர்த்து எழுந்த போராட்டம் அது. டாங்கே, நிம்கர், மிராஜ்கர், ஜோக்லேகர் முதலிய கம்யூனிஸ்டுகள் முன்னின்ற கிர்ணி காம்கார் யூனியன் அந்தப் போராட்டத்தில்தான் பிறந்து வளர்ந்தது. மிதவாதியான என்.எம். ஜோஷியின் சங்கமும் கூட்டுக் குழுவில் இருந்தது. ஆறு மாதம் எப்படித் தாங்கினார்கள்? ரத்னகிரிக்கும் சதாராவுக்கும் ஊர் திரும்பி வயல்வேலை பார்த்தவர் பலர். சாளில் இருந்தவர்களுக்கு மளிகைக் கடைக்காரர் கடன் கொடுத்தார். ஊரும் கடையும்தான் வேலைநிறுத்த நிதி.

இங்கே ஒரு தொழில் நுணுக்கத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத் தறியில், நாடாவுக்குள் இருக்கும் தார்க்குச்சியில் நூல் தீர்ந்தால் வேறு குச்சி போட்டு, அதன் நூல்முனையை நாடாவின் கண் வழியாக வாயால் உறிஞ்சி இழுப்பார்கள். ஒருவர் வாய் வைத்த நாடாவில் இன்னொருவரும் வாய் வைக்க நேரும். தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களை நெசவுப் பிரிவுக்குள் விடக்கூடாது என்பதற்கு மற்றத் தொழிலாளர் சொன்ன காரணம் இதுதான். நெசவில்தான் நல்ல கூலி. அவர்களுக்குக் கிடைத்ததோ ரிங் நூற்பு போன்ற குறைந்த கூலிப் பிரிவுகள். பரேலில் எனக்குப் பழக்கமான ஒரு வயதான மராத்தி நெசவாளி இதைச் சொல்லிவிட்டு, "முதலாளி போட்ட சட்டம் இல்லை சாப், நாங்களே போட்டது" என்றார். கூலிக்காக முதலாளியோடு ஆறு மாதம் மல்லுக்கட்டிய அதே கைகள்தான் தறிக்கூடத்துக் கதவையும் பிடித்துக்கொண்டு நின்றன.

அம்பேத்கர் இதைத்தான் பிடித்தார். எல்லாப் பிரிவிலும் வேலை செய்யும் உரிமையைக் கோரிக்கைகளில் சேர்க்காவிட்டால், தம் மக்களை வேலைநிறுத்தத்தில் சேர வேண்டாம் என்று சொல்லப்போவதாக 1928-இல் எச்சரித்தார். தலைவர்கள் தயங்கித் தயங்கித்தான் சேர்த்துக்கொண்டார்கள். கோரிக்கைத் தாளில் ஏறியது தறிக்கூடத்தில் ஏறவில்லை.

அந்த வருஷக் கடைசியில் சிவ்ரியில் எண்ணெய்க் கம்பெனித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் இடத்துக்குப் பதான்களைக் கொண்டுவந்தார்கள். வட்டிக்குக் கடன் கொடுத்துக் கெடுபிடியாக வசூலிக்கும் பதான் மேல் தொழிலாளருக்கு ஏற்கெனவே கோபம். அதோடு, பதான்கள் பிள்ளை பிடிக்கிறார்கள் என்று ஒரு வதந்தி. 1929 பிப்ரவரியில் பெருங்கலவரம் மூண்டு, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். கூலித் தகராறில் ஆரம்பித்தது இந்து–முஸ்லிம் கலவரமாக முடிந்தது. மாற்றாள் வேறு மொழி, வேறு மதம், வேறு சாதி என்றால் முதலாளிக்கு அது எவ்வளவு வசதி, பாருங்கள்! சண்டை ஆலை வாசலை விட்டுத் தெருவுக்குப் போய்விடுகிறது.

மார்ச் 20 அன்று மீரட் சதி வழக்கில் தலைவர்கள் கைதானார்கள். ஏப்ரல் கடைசியில் தொடங்கிய அடுத்த பொது வேலைநிறுத்தத்தில் அனுபவமுள்ள தலைவர்கள் வெளியே இல்லை. அம்பேத்கர் இம்முறை வெளிப்படையாகவே எதிர்த்தார். முந்தைய வருஷப் பட்டினியில் வாங்கிய கடனே தம் மக்களுக்குத் தீரவில்லை என்பது அவர் நிலை. ஆள் பிடிக்கும் ஜாபர்கள் புது ஆட்களைச் சேர்த்துக்கொண்டே இருந்தார்கள். செப்டம்பரில் போராட்டம் கரைந்தது. ஐம்பதாயிரத்துக்கு மேல் உறுப்பினர் இருந்த சங்கம் சிறுத்துப் போயிற்று.

மாற்றாள் என்பவர் வெளியூரிலிருந்துதான் வரவேண்டும் என்பதும் இல்லை. பம்பாய் மில்லில் 'பத்லி' என்று ஒரு கூட்டம் எப்போதும் உண்டு. நிரந்தர ஆள் வராத நாளில் அவர் இடத்தில் வேலை செய்கிறவர் பத்லி. தினமும் காலையில் வாசலில் நிற்க வேண்டும். ஜாபர் கை காட்டினால் கூலி, காட்டாவிட்டால் வீடு. ஜாபருக்குக் கையில் ஏதாவது வைக்கவும் வேண்டும். 1935-இல் முதலாளிகள் பத்லிகளுக்கு அட்டை கொடுத்து ஒழுங்கு செய்தார்கள். நல்ல நாளிலேயே மாற்றாளாக வாழ்ந்தவரிடம், கெட்ட நாளில் மாற்றாளாகப் போகாதே என்று சொல்வது லேசான காரியமா?

இனி, மாறிவந்த காட்சியையும் சொல்ல வேண்டும். 1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வேயின் தாழ்த்தப்பட்ட தொழிலாளர் மாநாட்டில் பேசிய அம்பேத்கர், தொழிலாளிக்குப் பிராமணியம், முதலாளியம் என்று இரண்டு எதிரிகள் உண்டு என்றார். சாதியைத் தொடாத தொழிற்சங்கத்தையும் அங்கே விளாசினார். அதே வருஷம், வேலைநிறுத்த உரிமைக்குக் கட்டுப்போடும் தொழில் தகராறு மசோதாவைப் பம்பாய் காங்கிரஸ் மந்திரிசபை கொண்டுவந்தபோது, நவம்பர் 7 அன்று நடந்த ஒருநாள் வேலைநிறுத்தத்தில் அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் ஒன்றாக நின்றார்கள். 1929-இல் எதிரெதிராக நின்ற அம்பேத்கரும் டாங்கேயும் ஒரே மேடையில்! மசோதா சட்டமாகத்தான் ஆயிற்று. என்றாலும், அன்று அவர் பின்னால் வந்த தொழிலாளரை யாரும் கருங்காலி என்று சொல்ல முடியாது. பத்து வருஷத்துக்கு முன் சொன்னவர்களே பக்கத்தில் நடந்தார்கள். இந்த மாற்றத்துக்கு அவர்கள் மேல் வீசிய வசை காரணமல்ல. தனி அமைப்பாகத் திரண்டு, சமமாக நின்று பேச முடிந்ததுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

சட்டமும் மெல்ல நகர்ந்தது. வாடியாவின் மேல் பின்னி கம்பெனி உயர்நீதிமன்றத்தில் போட்ட வழக்கு கிளப்பிய கவலை 1926-ஆம் வருஷத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு ஒரு வழியாயிற்று. சட்டவிரோதமல்லாத வேலைநிறுத்தத்தின்போது புது ஆள் எடுப்பது முறையற்ற செயல் என்று மத்தியச் சட்டத்தில் எழுதப்பட்டதோ 1982-இல் வந்த திருத்தத்தில்தான்.

அதே 1982 ஜனவரி 18 அன்று டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் பம்பாய் மில் தொழிலாளர் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலையை நிறுத்தினார்கள். இம்முறை வாசலில் மாற்றாள் வந்து நிற்க அவசியமே இருக்கவில்லை. துணி பிவண்டியில் விசைத்தறியில் நெய்யப்பட்டு வந்தது. அங்கே தறி ஓட்டியவர்கள் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் தெலுங்கு நாட்டிலிருந்தும் வந்த ஏழைகள். மில் தொழிலாளியின் கூலியில் ஒரு பங்கே பெற்றவர்கள். லால்பாக் சாளுக்கும் பிவண்டிக் கொட்டகைக்கும் தூரம் அப்படியொன்றும் அதிகமில்லை. அந்த ஆட்களைத் தேடிப்போய் உட்கார்ந்து பேசிய சங்கத்தை நான் பார்க்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாகப் பட்டினி கிடந்து, பலர் தலை குனிந்து உள்ளே போனார்கள். நிரந்தரமாக இருந்தவர்கள் பத்லியாகவும் போனார்கள். அந்த வேலைநிறுத்தத்தை முடிந்தது என்று முறைப்படி யாரும் அறிவிக்கவில்லை.