போலந்து மக்களும் நாட்டுக் காவலும்

ஒருகாலத்தில் ஐரோப்பாவின் பரந்த அரசுகளுள் ஒன்றாய் விளங்கிய போலந்து, 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் ருஷியா, பிரஷ்யா, ஒஸ்திரியா என்னும் அயல் வல்லரசுகளாற் கூறுபோடப்பட்டு, 123 ஆண்டுகள் தனியரசின்றிக் கிடந்தது. அயலாரின் பேராசையே இதற்குக் காரணமெனக் கூறி அமைதல் எளிது. பேராசை எல்லா அயலாரிடத்தும் உண்டு. அதனைத் தடுக்கத்தக்க படை போலந்திடம் ஏன் இருக்கவில்லை என்பதே ஆராயத்தக்கது.

போலந்தின் குடிகளுள் ஏறக்குறையப் பத்திலொரு பங்கினர் பிரபுகுலத்தவர். அரசனைத் தெரிவுசெய்யும் உரிமை இவர்களுடையது. அரசன் கையில் நிலைப்படையைக் கொடுத்தால் அது தம் உரிமைகள் மீதே முதலிற் பாயும் என இவர்கள் அஞ்சினர். ஆதலால் வரியிறுக்கவும் படை பெருக்கவும் எளிதில் இணங்கிலர். ‘சேம்’ எனப்பட்ட பாராளுமன்றத்தில் ஓர் உறுப்பினன் எழுந்து ‘உடன்படேன்’ என்றால் அக்கூட்டத்தின் தீர்மானங்கள் யாவும் அழியும். 1652 இல் ஒருவர் தனித்துக் கையாண்ட இவ்வுரிமை பின்னர் வழக்கமாயிற்று. அயல்மன்னரிடம் பொருள்பெற்று எழுந்தோரும் உளர். 1717 இல், ருஷியப் படையின் நிழலில், எவரும் பேசாது கூடிக் கலைந்தமையால் ‘ஊமைச் சேம்’ எனப் பெயர்பெற்ற கூட்டம், படையின் தொகையை 24,000 என வரையறுத்தது. அத்தொகைதானும் நிறைந்ததில்லை. 1740 இற் சிறுநாடாகிய பிரஷ்யாவின் படையோ 80,000 வரையினது. 1764 இல் ருஷியப் பேரரசி கதரீனும் பிரஷ்ய மன்னன் பிரெடரிக்கும் போலந்தின் இம்மறுப்புரிமையைப் பேணுவதென உடன்பட்டனர். தம் நாட்டிலே தனியாட்சி நடத்திய இருவர் பிறர் சுதந்திரத்துக்குக் காவலராயினமை வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

1788 இற் சேம் படையை 100,000 ஆக உயர்த்தத் தீர்மானித்தது. 1791 மே 3 ஆம் நாள் அரசியலமைப்பு மறுப்புரிமையை ஒழித்தது. காலங் கடந்துவிட்டது. 1794 இற் கொஸ்கியூஸ்கோ கிளர்ச்சிக்கொடி உயர்த்தியபோது, ரத்ஸ்லாவீற்சேப் போரிற் குடியானவர்கள் அரிவாளைக் கழியிற் பொருத்தி ஏந்திச்சென்று ருஷியரின் பீரங்கிகளைக் கைப்பற்றினர். நிலத்தோடு பிணிக்கப்பட்டிருந்த அம்மக்களைத் தம் நாட்டினர் என மதித்துப் போருக்கழைத்தல் அதுவரை அரிதாயிருந்தது.

1830, 1863 ஆம் ஆண்டுக் கிளர்ச்சிகளும் ருஷியரால் ஒடுக்கப்பட்டன. வீரம் விளைத்த இழப்பைக் கண்ட அறிஞர் சிலர் வாளை விடுத்து, கல்வியையும் தொழிலையும் ஊர்தோறும் வளர்க்கும் ‘அடித்தளப் பணி’யை வற்புறுத்தினர். வார்சோவில் இடம்மாறி இடம்மாறி மறைவாக நடந்த ‘பறக்கும் பல்கலைக்கழக’த்திற் கற்றவருள் ஒருவரே பின்னர் மேரி கியூரி என உலகறிந்த மாணவி.

பிரஷ்யப் பகுதியிலோ காவற்களம் பள்ளிக்கூடமாயிற்று. விரெஸ்னியா என்னும் சிற்றூரில், 1901 இல், சமயபாடமும் ஜேர்மன் மொழியிலேயே கற்பிக்கப்படல் வேண்டுமெனப் பணிக்கப்பட்டது. பிள்ளைகள் அம்மொழியில் விடைகூற மறுத்தனர். மே 20 இற் பாடம் முடிந்தபின் அவர்களைத் தடுத்துவைத்து அடித்தனர். அழுகுரல் கேட்டுப் பெற்றோர் பள்ளி வாயிலிற் கூடினர். அவருட் பலருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஆயினும் 1906 இற் பல்லாயிரம் பிள்ளைகள் அதே மறுப்பை மேற்கொண்டனர். தாய்மொழியிற் செபிப்பதற்காக அடிதாங்கிய இச்சிறுவரை நாட்டுக் காவலர் வரிசையிற் சேர்க்காத வரலாறு குறையுடையதே.

1918 இல் நாடு மீண்டது. 1920 இல் வார்சோவின் வாயிலிற் செம்படையைத் தடுத்து நிறுத்தியது. 1939 செப்டெம்பரில் ஜேர்மனியும் சோவியத்தும் இருபுறமும் புகுந்தன. நவம்பர் 6 இற் கிராக்கோவ்ப் பேராசிரியர்களை விரிவுரையொன்றுக்கென அழைத்து ஜேர்மனியர் கைதுசெய்தனர். பல்கலைக்கழகங்கள் மூடப்பட, வீடுகளில் இரகசிய வகுப்புகள் நடந்தன. இவ்வகையில் முன்னைப் பயிற்சி உதவிற்று.

1944 ஓகஸ்ட் 1 இல் வார்சோவில் எழுந்த கிளர்ச்சி 63 நாள் நின்றது. மாண்ட குடிமக்கள் 150,000 க்குக் குறையார், நகரம் தரைமட்டமாயிற்று. அண்மையில் நின்ற செம்படை தக்க உதவி புரியவில்லை. அக்கிளர்ச்சி வேண்டியதா, வீணானதா என்னும் வழக்கு போலந்தில் இன்னும் தீரவில்லை. 1999 இல் வட அத்திலாந்திக் ஒப்பந்த நாடுகளுடன் இணைந்து, 2024 இல் தேசிய உற்பத்தியில் நூற்றுக்கு நான்கு வீதத்துக்கு மேற் பாதுகாப்புக்குச் செலவிட்ட நாடு அது. ஆண்டுதோறும் ஓகஸ்ட் 1 மாலை ஐந்து மணிக்கு வார்சோவிற் சங்கொலி எழும். வழக்கின் இருபக்கத்தாரும் தெருவில் அசையாது நிற்பர்.