பட்டம் பெற்றவர் தம் மக்களை இழக்க வேண்டுமோ?

கல்வியில் உயரும் ஒருவர் தம் மக்களை இழந்தே ஆகவேண்டுமோ? கனடா நாட்டில் 1876ஆம் ஆண்டு இயற்றப்பட்ட 'இந்தியர் சட்டம்' ஆம் என்றே விடை பகர்ந்தது. அந்நாட்டின் ஆதிக்குடிகளையே அச்சட்டம் இந்தியர் என்றழைத்தது. அவர்களுள் ஒருவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றாலும், குருப்பட்டம் பெற்றாலும், சட்டத்தின் பார்வையில் அக்கணமே ஆதிக்குடியினர் என்னும் நிலையை இழந்தார். இவ்விதி பின்னர் திருத்தப்பட்டது. எனினும், ஆதிக்குடியினர் கற்க வேண்டியவரேயன்றிக் கற்பிக்கத்தக்கவர் அல்லர் என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலைத்தது.

அவ்வெண்ணத்தின் கொடிய கனியே உறைவிடப் பள்ளிகள். அரசு பொருளுதவி அளித்தது. திருச்சபைகள் அவற்றை நடத்தின. 1,50,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவற்றில் பயின்றனர். தாய்மொழி பேசியதற்காகப் பலர் தண்டிக்கப்பட்டனர். வீடு திரும்பாமலே மாண்டவரும் பலர். சுவிசேஷத்தின் பெயராலேயே இவை நிகழ்ந்தன என்பதை நாம் மறைத்தல் ஆகாது.

அச்சட்டம் பிறந்து சரியாக நூறாண்டு கழிந்தபின், 1976இல், சஸ்காட்செவன் மாகாண ஆதிக்குடிகள் ரெஜைனா பல்கலைக்கழகத்துடன் இணைந்த தங்கள் சொந்தக் கல்லூரியை நிறுவினர். இன்று அது கனடா முதற்குடிகள் பல்கலைக்கழகம் எனப்படுகிறது. கிரீ முதலிய மொழிகள் அங்குக் கற்பிக்கப்படுகின்றன. குலமுதியோர்க்கும் அதன் கல்விப் பணியில் இடமுண்டு. 2016 முதல் வினிபெக், லேக்ஹெட் பல்கலைக்கழகங்கள், இளங்கலை மாணவர் யாவரும் ஆதிக்குடிகள் குறித்த பாடமொன்றைப் பயில வேண்டுமென விதித்தன.

திருச்சபையும் வாளாவிருக்கவில்லை. 1986இல் சட்பரி நகரில் கனடா ஐக்கிய திருச்சபை ஆதிக்குடிகளிடம் மன்னிப்பு வேண்டியது. முதியோர் அவ்வேண்டுதலைப் பெற்றுக்கொண்டனர். ஆனால் ஏற்றுக்கொண்டதாகக் கூறவில்லை. அதன் நினைவாக எழுப்பப்பட்ட கற்குவியலும் முற்றுப்பெறாமலே விடப்பட்டது. சொல்லைச் செயல் தொடர வேண்டுமன்றோ? 2015இல் உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையம் விடுத்த 94 அழைப்புகளுள் அறுபதாவது, திருச்சபைத் தலைவர்களை நோக்கியது. ஆதிக்குடிகளின் ஆன்மிகத்தை மதித்தலையும், உறைவிடப் பள்ளிகளில் திருச்சபைகள் ஆற்றிய பங்கையும் குருமாணவர் அனைவர்க்கும் கற்பிக்க வேண்டும் என்றும், அப்பாடத்தை ஆதிக்குடிகளின் ஆன்மிகத் தலைவரோடும், அப்பள்ளிகளில் துன்புற்று எஞ்சியோரோடும் கூடி வகுக்க வேண்டும் என்றும் அது கேட்டது.

இதனால் சுவிசேஷம் நீர்த்துப்போகுமோ என நம்மில் சிலர் அஞ்சலாம். கொர்நேலியுவின் வீட்டிற்குப் பேதுரு போதகராகவே சென்றார். ஆயினும், தேவன் பட்சபாதமுள்ளவரல்லர் என்பதை அங்கே தாமும் கற்றார். அவர் அறிவித்த நற்செய்தி அதனால் குறைந்துவிடவில்லை. கற்பிக்கச் சென்ற இடத்தில் கற்கவும் அறிந்தவரே நல்ல மேய்ப்பர். பாடத்திட்டத்தில் ஒரு தாளைக் கூட்டுவது எளிது. யாரை ஆசிரியராக ஏற்கிறோம் என்பதிலேயே நம் மனந்திரும்புதல் விளங்கும்.