முதல் படியின் உயரம்

கிண்டி தொழிற்பேட்டையில் பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் டிராயிங் போட்டுக் காலம் தள்ளியவன் நான். எண்பதுகளில் ஒரு பள்ளிக்கூடம் பஸ் கேட்டு வந்தால் புதிதாக வரைய ஒன்றும் இருக்காது. டவுன் பஸ் டிராயிங்கை எடுப்போம். சீட்டுகளை நெருக்கிப் போட்டு, கண்டக்டர் சீட்டைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டில் பள்ளியின் பெயர் எழுதப் பெயின்டருக்கு இடம் விட்டால் வேலை முடிந்தது. ஸ்கூல் பஸ் என்று ஒரு மாடல் கிடையாது. பள்ளிக்கூடம் வாங்கிய பஸ் உண்டு, அவ்வளவுதான்.

அந்த பஸ்ஸுக்கு அடியில் இருந்ததோ லாரி. எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கி, முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்த கம்பெனி 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அங்கிருந்து வெளியே வந்தவை பெரும்பாலும் வெறும் சேஸிகள்: இன்ஜின், ஸ்டியரிங், சக்கரம், இரண்டு நீள இரும்புச் சட்டம். கூரை கிடையாது, கண்ணாடி கிடையாது. தலையில் துண்டை இறுக்கிக் கட்டி, கண்ணுக்குக் கூலிங்கிளாஸ் போட்டு, வெயிலிலும் மழையிலும் ஜி.எஸ்.டி. ரோட்டில் அதை ஓட்டிப்போன டிரைவர்களை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க முடியாது. பாதிப்பேர் கரூருக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். அங்கேதான் ஆங்கிள் அடித்து, அலுமினியத் தகடு ரிவெட் செய்து, வண்டிக்கு உடம்பு கட்டினார்கள்.

அடிப்பாகம் ஒருவர், உடம்பு வேறொருவர் என்ற இந்தப் பிரிவினை மோட்டாருக்கும் முந்தையது. சென்னையில் சிம்ப்சன் கம்பெனி 1840-ல் தொடங்கியபோது செய்தது குதிரை வண்டிகள். மோட்டார் வந்ததும் அதே கைகள் பஸ்ஸுக்குக் கூடு கட்டின. அந்தத் தொழில் வழக்கம் அப்படியே நீடித்ததால் யார் ஏறப்போகிறார்கள் என்ற கேள்வியைச் சேஸி செய்பவரும் கேட்கவில்லை. பாடி கட்டிய நாங்களும் கேட்கவில்லை.

விளைவைச் சொல்கிறேன். வில் பட்டைக்கு மேல் சட்டம், சட்டத்துக்கு மேல் குறுக்குக் கட்டை, அதற்கு மேல் பலகை. பஸ்ஸின் தளம் தரையிலிருந்து மூன்றடிக்கு மேலே போய்விடும். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு அது நெஞ்சளவு. முதல் படியில் கால் எட்டாது. ஆயா கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி உள்ளே விடுவார். கம்பியும் பெரியவர் கைக்கு ஏற்ற உயரத்தில், ஏற்ற தடிமனில். குழந்தையின் விரல் அதைச் சுற்றி முழுதாக மூடாது.

மயிலாப்பூர்ச் சந்துகளில் இந்தப் பெரிய வண்டி நுழையவே முடியாது. மாட வீதிகளின் குறுக்குச் சந்துகளில் பிள்ளைகளை ஏற்றியது ரிக்‌ஷாதான். 1973-ல் கருணாநிதி அரசு கை ரிக்‌ஷாவை ஒழித்த பிறகு சைக்கிள் ரிக்‌ஷா. சீட்டுக்கு எதிரே ஒரு பலகை போட்டுவிட்டால் இன்னும் நாலு பேர். பைகளும் சாப்பாட்டுக் கூடைகளும் வெளியே கொக்கியில் ஆடும். அதையடுத்து வேன் காலம். வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு கம்பெனி செய்த ‘ஸ்டாண்டர்டு 20’, பூனாவிலிருந்து பஜாஜ் டெம்போவின் மெட்டடார், 1984-க்குப் பிறகு மாருதி வேன். தி.நகரிலும் அடையாறிலும் பள்ளி விடும் நேரத்தில் வரிசை கட்டி நின்றவை இவைதாம். மெட்டடாரின் பக்கவாட்டில் நீளப் பலகை அடித்து, எதிரும் புதிருமாகப் பிள்ளைகளை உட்கார வைப்பார்கள். பிரேக் போட்டால் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. எனக்கு, அந்தப் பலகையைத் தரையில் பிடித்திருக்கும் நாலு போல்ட்தான் கண்ணில் படும்.

மஞ்சள் நிறம் எங்களுக்கு வெகு தாமதமாக வந்தது. அமெரிக்காவில் 1939-லேயே, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் ஃபிராங்க் சைர் என்ற பேராசிரியர், மாநில அதிகாரிகளையும் வண்டி செய்பவர்களையும் ஒரே இடத்தில் கூட்டினார். பஸ்ஸின் நீளம், நடைபாதை அகலம் என்று 44 விதிகள் அங்கே முடிவாயின. நிறம் அவற்றில் ஒன்று. விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் மஞ்சளின் மேல் கருப்பு எழுத்து சட்டென்று தெரியும் என்பது காரணம். அங்கே கூட்டம் போட்டு முடிவு செய்ததை இங்கே சாவுகள் முடிவு செய்தன. 1997 நவம்பரில் டில்லி வஜீராபாதில் பள்ளிப் பேருந்து ஒன்று யமுனையில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அடுத்த மாதம், எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஜன்னலுக்குக் கம்பி, கதவுக்குப் பூட்டு, 40 கி.மீ. வேகத்துக்குக் கவர்னர், கூடவே ஓர் உதவியாளர் என்று டில்லி வண்டிகளுக்கு வரிசையாக உத்தரவிட்டது. 2005-ல் ஏ.ஐ.எஸ். 063 என்ற தரவிதி வந்தது. பொன்மஞ்சள் நிறம், படி, இருக்கை, அவசர வழி, பை வைக்கும் இடம் எல்லாவற்றையும் பள்ளிப் பேருந்துக்கென்றே தனியாகச் சொன்ன ஆவணம் அது. ஒரு குழந்தையின் காலை அளவாக வைத்து நான் படித்த முதல் தொழில்நுட்பக் காகிதமும் அதுதான்.

ஆனால் காகிதம் பழைய வண்டிக்குள் போகவில்லை. 2012 ஜூலையில், தாம்பரத்தை அடுத்த முடிச்சூர்ப் பக்கம், ஓடும் பஸ்ஸின் தளத்திலிருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி விழுந்து பின்சக்கரத்தில் மாட்டி இறந்தாள். வண்டி சில வாரங்களுக்கு முன்புதான் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றிதழ் வாங்கியிருந்தது.

தளம் எப்படி ஓட்டையாகும் என்று அன்று பலர் என்னிடம் கேட்டார்கள். ஒரே நாளில் ஆகாது. பிளைவுட் பலகையின் மேல் ரப்பர் விரிப்பை ஒட்டிவிடுவோம். தண்ணீர் பாட்டில் கவிழும், வண்டியை உள்ளே பைப் போட்டுக் கழுவுவார்கள், மழையில் நனைந்த செருப்பு ஏறும். ஈரம் விரிப்புக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். சக்கர வளைவுக்குப் பின்னாலும் படியின் ஓரத்திலும் பலகை முதலில் ஊறும். கீழே தாங்கும் ஆங்கிள் துருப்பிடித்து உதிரும். மேலே விரிப்பு பளபளவென்றுதான் இருக்கும். கையில் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு அடியில் படுத்துக் குத்திப் பார்த்தால்தான் தெரியும். சோதனைக்கு வருகிறவர் சட்டை அழுக்காகும் என்று யோசித்தால் தெரியாது.

சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு பள்ளி வாகனங்களுக்குத் தனிச் சிறப்பு விதிகளைக் கொண்டுவந்தது. கோடை விடுமுறையில் ஒவ்வொரு ஆர்.டி.ஓ.வும் பள்ளி வண்டிகளை மைதானத்தில் நிறுத்திப் பார்ப்பது வழக்கமாயிற்று. தளத்தைக் குனிந்து பார்க்கிறார்கள்.

2016-ல் அசோக் லேலண்ட், டில்லி ஆட்டோ எக்ஸ்போவில் ‘சன்ஷைன்’ என்ற பள்ளிப் பேருந்தைக் காட்டியது. கவிழ்ந்தாலும் நசுங்காத கூடு, முன்மோதலைத் தாங்கும் முகப்பு. கம்பெனியே பள்ளிக்காக வடிவமைத்த வண்டி. எண்ணூரில் கம்பெனி தொடங்கி அறுபத்தெட்டு வருஷம் கழித்து! நல்ல வண்டிதான், குறை சொல்லவில்லை. ஆனால் இந்த அளவுள்ள எதுவும் இன்றும் மயிலாப்பூர்ச் சந்துக்குள் திரும்பாது. லஸ் முனையிலோ ஆர்.கே. மடம் சாலையிலோ நின்றுவிடும். உள்ளே இருக்கிற பிள்ளைகளுக்கு ஆட்டோவும் வேனும்தான் வருகின்றன. அவற்றுக்கு ஒரு படியின் உயரத்தைக்கூட பிள்ளைகளை நினைத்து யாரும் வரைந்ததில்லை.